கமலாத்தோல் மணம்

அத்தியாயம் பதினான்கு

“நெருப்புல போடுற பிட்டா யார் வீட்டுதுன்னு அக்கினிசாமிக்கு எப்படித் தெரியும்?”

போன வருஷம் மாக் பிஹு அறுவடைப் பண்டிகை விடியலில் மைனா கேட்ட கேள்வி அது. ஊர்ப் பொதுவயலில் மூங்கிலும் வைக்கோலும் கோபுரமாய் அடுக்கிய மேஜி எரிந்துகொண்டிருந்தது. மூங்கில் கணுக்கள் பட்பட்டென்று வெடித்தன. குளித்து முழுகி, குளிரில் நடுங்கிக்கொண்டே ஊர் ஜனம் ஆளுக்கொரு அரிசிமாவுப் பிட்டாவை நெருப்பில் போட்டுக் கும்பிட்டது. மைனா தன் பெரியப்பா லோஹித் சேதியாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள்.

லோஹித் சிரித்தார். “நமக்கு இருக்கிறது ஒரே அடுப்பு, ஒரே பிட்டா. இதுல அக்கினிக்கு என்னடி கொழப்பம்?”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

இந்த வருஷம் யாராவது அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அந்த வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வந்திருக்காது.

கார்த்திகையில் எழுந்த வேலியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். லோஹித் வைணவ மடத்துக்குப் போயிருந்த நாளில், தம்பி ககேன் தோட்டத்துக்கு அடைப்புப் போட வழியில்லையென்று ஒரு பாக்குமரத்தை வெட்டிவிட்டான். அப்பா கையால் நட்ட மரம். அந்த ஒரு மரத்துக்காக வந்த பேச்சு முற்றத்தையே இரண்டாகப் பிளந்துவிட்டது. பெரியவர்கள் கயிறு பிடித்து அளந்து கொடுத்தார்கள். நெற்குதிர் அண்ணன் பக்கம் வந்தது. டேக்கிக் கொட்டகை தம்பி பக்கம் போயிற்று.

அரிசி ஒரு பக்கம், அதை இடிக்கும் கால் உலக்கை மறு பக்கம். கயிறு பிடித்தவர்கள் ஆண்கள். அவர்களுக்கு இது தோன்றவில்லை.

இன்று உருகா. விடிந்தால் பிஹு. பிட்டா இல்லாத பிஹு தீபம் இல்லாத கோயில் மாதிரி. லோஹித்தின் மனைவி பதுமி, ஊறவைத்து நீர் வடித்த போரா என்னும் ஒட்டரிசியை மூங்கில் கூடையில் சுமந்துகொண்டு காலையிலேயே வாத்தியார் வீட்டுக்குப் புறப்பட்டாள். அங்கே ஒரு டேக்கி இருக்கிறது. வாத்தியார் மனைவி தருலதாவும் இருக்கிறாள். டேக்கி வேண்டுமென்றால் தருலதாவின் வாயையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

“வாடியம்மா, சேதியா வீட்டுப் பெரிய மருமகளே,” என்றாள் தருலதா. “ஊருக்கே டேக்கி குடுத்த வீடு. இன்னிக்கு என் கொட்டாய்க்கு வந்திருக்கு. நான் வாசல்ல கோலம் போட்டு வச்சிருக்கணும்.”

“போதும்டி. மிதி.”

“மிதிக்கிறேன். நீ கையைப் பாத்து வை. எனக்கு உன்னை மாதிரி கால் நிதானம் கிடையாது.”

டேக்கிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி நீளமான மரத்தின் வால்பக்கம் மிதித்து எழுப்புவாள். விழும் உலக்கைக்கும் எழும் உலக்கைக்கும் நடுவே இன்னொருத்தி குழியிலுள்ள அரிசியைக் கையால் தள்ளிவிடுவாள். மிதிப்பவளின் காலும் தள்ளுபவளின் கையும் ஒரே மூச்சில் போக வேண்டும். ஒரு நொடி பிசகினால் விரல் போய்விடும். இத்தனை வருஷமாகப் பதுமி மிதித்தாள், ஓரகத்தி ஜுனாகி தள்ளினாள். இருவரும் பேசிக்கொண்டே செய்வார்கள். சண்டை போட்டுக்கொண்டும் செய்ததுண்டு. ஜுனாகியின் விரலில் ஒரு கீறல் கூட விழுந்ததில்லை.

இன்று குழிப்பக்கம் உட்கார்ந்தபோதுதான், ஜுனாகி தன் காலை எவ்வளவு நம்பியிருந்தாள் என்பது பதுமிக்கு உறைத்தது.

“சேதி தெரியுமா?” தருலதா மிதித்துக்கொண்டே கேட்டாள். “உன் ஓரகத்தியோட அப்பா இன்னிக்கு வர்றாராம்.”

பதுமி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். “யாரு, வடகரை ஹரகாந்தரா?”

“வேற எத்தனை அப்பா இருக்காங்க அவளுக்கு? ககேன் போன்ல கூப்பிட்டிருக்கான். வர்றேன்னு சொல்லலையாம். பாக்கலாம்னாராம். ஆனா நம்ம படகுக்காரன் தொலன், சாயங்காலப் படகுல எடம் பிடிச்சிருக்காருன்னு சொல்றான்.”

ஜுனாகி ககேனோடு ஓடி வந்தவள். அந்த நாளில் அவள் அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பிய வார்த்தை ஊருக்கே தெரியும். ‘ஒரு பிட்டாவை உடையாம எடுக்கத் தெரியாது, இவ குடித்தனம் நடத்தப் போறாளா.’ அதற்குப் பிறகு அவர் இந்தக் கரைக்கு வரவேயில்லை. ஜுனாகியின் அம்மா இறந்தபோதும் சேதி வரவில்லை. காரியம் முடிந்த பின்தான் தெரிந்தது.

“வந்து உக்காருவாரு,” என்றாள் தருலதா. அவள் குரலில் இப்போது கேலி இல்லை. “பிட்டாவைத் தொட்டாருன்னா பொறந்த வீடு தொறந்துச்சுன்னு அர்த்தம். தொடாம எந்திரிச்சாருன்னா, அதுக்கு அந்த மனுஷன் வராமலே இருக்கலாம். என்ன பதுமி, அரிசியைத் தள்ளு. உலக்கை காத்துக்கிட்டு நிக்குது.”

*

மாவைச் சலித்து, கூடையில் ஈரத்துணி போட்டு மூடிக்கொண்டு பதுமி வீடு திரும்பினாள். இந்த மாவு உயிருள்ள பொருள் மாதிரி. ஈரம் இருக்கும்போதே கல்லில் விழ வேண்டும். காற்று பட்டுக் காய்ந்துவிட்டால் பிறகு சாமியே வந்தாலும் ஒட்டவைக்க முடியாது.

வாசற்படி ஏறும்போது சத்தம் கேட்டது.

தொம்.

பிறகு ஒன்றுமில்லை. வெகுநேரம் கழித்து மறுபடி, தொம்.

திண்ணையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த லோஹித் வேலிப்பக்கம் தலையைத் திருப்பினார். “யாரு அது, நொண்டி நடக்கிற மாதிரி இடிக்கிறது?”

“உங்க தம்பி பொண்டாட்டிதான். ஒத்தையில இடிக்கிறா.”

தொம். நாலு மிதி மிதித்துவிட்டு, ஓடிப்போய்க் குழியில் குனிந்து அரிசியைத் தள்ளி, மறுபடி ஓடி வந்து மிதிக்கிறாள். பார்க்காமலே பதுமிக்கு அது முழுவதும் தெரிந்தது.

“ஒத்தையில டேக்கி ஓட்டுற கூத்தை இப்பத்தான் கேக்கறேன்,” என்றார் லோஹித். “அவன் எங்க போனான்? பொண்டாட்டிக்கு ஒரு கால் குடுத்தா கால் தேஞ்சா போயிடும்?”

“பொதுக்குளத்துல மீன் பிடிக்கப் போயிருக்காரு. ஆம்பள டேக்கி மிதிச்சா பொட்டைன்னு சிரிப்பாங்கன்னு நீங்கதான் ஒருக்கா சொன்னீங்க.”

“நான் எப்போ சொன்னேன்?”

“மிதிக்கக் கூப்பிட்டப்போ சொன்னீங்க.”

லோஹித் தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு மூங்கில் பிளக்கப் போய்விட்டார். அவர் கெட்டவரல்ல. ஊர்ப் பஜனைக்கூடமான நாம்கரில் தாளம் தட்டிப் பாடும்போது கண்ணீர் விடுகிறவர். ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதிலிருந்து இறங்கத் தெரியாது. ‘அந்த வேலியைத் தாண்டறவங்க திரும்பி என் அடுப்படிக்கு வர வேண்டாம்’ என்று நாம்கர்ப் படியில் நின்று சொன்னவர், இந்த வருஷம் பொதுமேஜியும் வேண்டாம், நம் கொல்லையிலேயே தனி மேஜி என்று மூங்கில் வெட்டி வைத்திருந்தார்.

கயிறு பிடித்த அன்று அவர் சொன்ன இன்னொரு வார்த்தையும் உண்டு. ஜுனாகியைப் பார்த்துச் சொன்னார். ‘ஓடி வந்தவளுக்கு வாசல் மரியாதை எங்க தெரியும்?’

ஜுனாகி தலைகுனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து பதுமியைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான்.

பதுமி வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் ஜுனாகியின் வாசல் மரியாதை என்னவென்று அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. அப்படியிருந்தும் திறக்கவில்லை.

தொம், என்றது வேலிக்கு அந்தப்புறம்.

பதுமி மாவுக்கூடையை உள்ளே வைத்தாள். நின்று யோசித்தாள். போனால் என்ன ஆகும்? இவர் கத்துவார். கத்தட்டும். கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினாள். அழுக்குக் காலோடு டேக்கி மிதிக்கக் கூடாது. சாதர் மேலாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியை நோக்கி நடந்தாள்.

பாதி வழியில் சத்தம் நின்றுவிட்டது. முடித்துவிட்டாள்.

நல்ல காரியத்துக்குக் கால் கழுவி நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் அது நமக்காகக் காத்திருப்பதில்லை.

*

அடுப்பில் கல் காய்ந்தது. எண்ணெய் கிடையாது, நெய் கிடையாது, வெறும் கல்தான். பதுமி ஒரு பிடி ஈரமாவை எடுத்து விரல்நுனிகளால் நீளவாக்கில் மெல்லிசாகப் பரப்பினாள். பரப்பின கணமே மாவு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வெள்ளைத் துணிபோல ஆகிவிடும். அதன்மேல் வறுத்திடித்த கறுப்பெள்ளும் வெல்லமும் ஒரு கோடு. ஓரம் லேசாக மேலெழும்பும். அந்த நேரத்தைக் கண் சொல்லாது, விரல்தான் சொல்லும். இந்தப் பக்கத்திலிருந்து உருட்டி, அந்தப் பக்கத்தில் ஒரு அழுத்து. வெள்ளை வெளேரென்று ஒரு எள் பிட்டா.

எத்தனை தரம் சுட்டாலும் பதுமிக்கு அது ஓர் அதிசயமாகவே இருக்கும். தண்ணீர் ஊற்றிப் பிசையவில்லை, பசை போடவில்லை. ஈரம் ஒன்றை மட்டும் நம்பி உதிரி மாவு ஒன்றுசேர்ந்துகொள்கிறது. நாளைக்கு வாசல் ஏறி வருகிறவர் யாரானாலும், ஜில்லா கலெக்டரானாலும் மாடு மேய்க்கிறவரானாலும், தட்டில் இதுதான் வைக்க வேண்டும். இதைத்தான் சாமிக்கும் கொடுக்க வேண்டும்.

“பெரியம்மா.”

வேலியில் ஒரு மூங்கில் பத்தை விலகியிருந்த இடத்தில் மைனாவின் தலை தெரிந்தது. வாயைச் சுற்றி எள்.

“இங்க வராதடி. பெரியப்பா பாத்தா திட்டுவாரு.”

“நான் வரல. தலை மட்டுந்தான் வந்திருக்கு.”

பதுமி சிரிப்பை அடக்கிக்கொண்டு கொல்லைக் கதவருகே வந்தாள். “என்ன தின்னுட்டு வர்ற?”

“பிட்டா. ஒடஞ்சது எல்லாம் எனக்குத்தான். எல்லாமே ஒடஞ்சிருச்சு பெரியம்மா. அம்மா உருட்டுனா அது உதிருது. திரும்ப உருட்டுனா திரும்ப உதிருது. எனக்கு வயிறு முட்டிருச்சு.”

“அம்மா என்ன பண்றா?”

“அழல.”

குழந்தை சொன்ன அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

“மாவு காஞ்சிபோச்சாம். தாத்தா சாயங்காலம் வந்துருவாராம். எனக்கு ஒரு தாத்தா இருக்காரு, உனக்குத் தெரியுமா? நான் இன்னும் பாத்ததில்ல. இப்ப நாங்க ஆத்துக்குக் குளிக்கப் போறோம். அவருக்கு என்னை வாசனையாக் காட்டணுமாம்.”

தலை மறைந்துவிட்டது.

பதுமி அங்கேயே நின்றாள். தனியாக இடித்ததில் நேரமாகிவிட்டது. குளிர்காலத்துக் காற்று ஈரத்தைக் குடித்துவிட்டது. உடைந்த பிட்டாவைத் தட்டில் வைத்தால், உன்னை நான் மதிக்கவில்லை என்று விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி. அதுவும் இந்த விருந்தாளிக்கு. ஹரகாந்தர் அன்று சொன்ன வார்த்தையை ஜுனாகி இன்று தன் கையாலேயே உண்மையாக்கிக் கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் பதுமிக்கு அந்த மணம் ஞாபகம் வந்தது.

*

மகள் நிபாவைப் பெண் பார்க்க வந்த நாள். அதுவும் ஒரு மாக் பிஹுதான். பதுமிக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். மாவை மூடி வைக்க மறந்து படுத்துவிட்டாள். எழுந்து சுட்டபோது ஒன்றுகூட உருவாக வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தட்டு போகிறபோது அவள் உள்ளே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே மாப்பிள்ளையின் அம்மா சொல்வது கேட்டது. “இந்தக் கையில வளந்த பொண்ணுன்னா எனக்குக் கேக்கறதுக்கு வேற ஒண்ணுமில்ல.”

பதுமி கண் திறந்து தன் தகரப்பெட்டியைப் பார்த்தாள். உள்ளே வெள்ளையாக, ஒரே அளவாக, உடையாத பிட்டாக்கள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். எள்ளோடு கமலாத்தோல் மணத்தது. கமலா ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து, வறுத்துப் பொடித்து எள்ளில் சேர்ப்பது ஜுனாகி ஒருத்திதான். அவள் அம்மா வீட்டு வழக்கம். “எள்ளுக்கு எதுக்குடி தோலு?” என்று பதுமி அதைக் கேலி செய்துகொண்டேயிருப்பாள்.

ஜுனாகி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு கல்லைத் தேய்த்துக் கொண்டிருந்தாள். “அக்கா, உங்களுக்கு வேர்த்திருக்கு. காய்ச்சல் விட்டுருச்சு போல,” என்றாள். அவ்வளவுதான்.

பதுமியும் ஒன்றும் கேட்கவில்லை. நன்றி என்று சொன்னால் அந்தக் காரியம் சின்னதாகிவிடும் போலிருந்தது. பிறகு சொல்ல நேரமே வாய்க்கவில்லை. நிபா இப்போது திப்ருகரில் நல்லபடியாக இருக்கிறாள்.

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு குளிர்காலத்திலும் பதுமி கமலாத்தோலைக் காயவைத்து அடுப்புக்கு மேலே நூலில் கோத்துத் தொங்கவிடுவாள். ஒருநாளும் அதை உபயோகித்ததில்லை. ஏன் காயவைக்கிறாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

இன்று கையை உயர்த்தி அந்த நூலைப் பறித்தாள்.

*

தோலைக் கல்லில் போட்டு வாட்டினாள். கசப்பு போய் மணம் எழும்ப ஆரம்பித்ததும் எடுத்துப் பொடித்தாள். எவ்வளவு போடுவது? இதற்கு அவளிடம் அளவு கிடையாது. கொஞ்சம் போட்டு முகர்ந்தாள். இன்னும் கொஞ்சம் போட்டாள். காய்ச்சல் வாயில் அன்று ருசித்தது நாக்கின் அடியில் இன்னும் இருந்தது. அதோடு ஒத்துப்போகும் வரைக்கும் சேர்த்தாள்.

துணிக்கடியில் மாவு இன்னும் ஈரமாகவே இருந்தது. “கோவிந்தா, இதை மட்டும் உடைச்சிராதே,” என்று முணுமுணுத்துக்கொண்டு பரப்பினாள்.

ஓரம் எழும்பியது. உருட்டினாள். நின்றது.

அவள் சுட்டதிலேயே அழகான பிட்டாக்கள் அன்றைக்குத்தான் வந்தன என்று சொல்லலாம். நமக்கென்று செய்யும்போது கை ஒருவிதமாகப் போகிறது. இன்னொருவர் பேருக்குச் செய்யும்போது வேறுவிதமாகப் போகிறது.

ஆற்றுப் பக்கமிருந்து மைனாவின் கூச்சல் கேட்டது. தண்ணீர் குளிர்கிறது என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தாள். லோஹித் எங்கோ மூங்கில் பிளந்துகொண்டிருந்தார். மற்ற ஆண்களெல்லாம் வயலில்.

பதுமி பிட்டாக்களை வாழையிலையில் பொதிந்து சாதரின் மடிக்குள் வைத்துக்கொண்டாள். மைனா தலை நீட்டிய சந்தில் இன்னொரு பத்தையை விலக்கி, பக்கவாட்டில் திரும்பி நுழைந்தாள். முந்தானை முள்ளில் மாட்டியது. அறுபடாமல் எடுக்க ஒரு பாடுபட்டாள். தன் சொந்த முற்றமாக இருந்த இடத்தில் திருடியைப் போல நுழைவதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. திருடி எடுக்கத்தானே வருவாள்?

ஜுனாகியின் அடுப்படி துடைத்துச் சுத்தமாக இருந்தது. பலகையில் தகரப்பெட்டி. திறந்தாள். உடைந்ததும், பிளந்ததும், சேர்த்துச் சேர்த்து அழுத்தியதுமாகப் பிட்டாக்கள். ஒவ்வொன்றிலும் விரல்கள் எவ்வளவு பாடுபட்டிருக்கின்றன என்று தெரிந்தது. கமலாத்தோல் மணம் முகத்தில் வந்து மோதியது.

பெட்டியில் கை வைக்கப் போனபோதுதான் பக்கத்திலிருந்த வெண்கலத் தட்டைப் பார்த்தாள். அதன்மேல் துவைத்த கமோசாத் துண்டு ஒன்று மூடியிருந்தது. துணியைத் தூக்கினாள்.

உள்ளே ஏழெட்டுப் பிட்டாக்கள். உடையாதவை. அந்தப் பாழாய்ப்போன மாவிலிருந்து எப்படியோ முழுசாக எழுந்து வந்தவை.

தட்டை அவளுக்குத் தெரியும். அடியில் பீடம் வைத்த அந்தத் தட்டின் விளிம்பில் ஒரு நெளிவு உண்டு. லோஹித் சாப்பிடுகிற தட்டு. பாகம் பிரித்த நாளில் மற்ற பாத்திரங்களோடு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

பிஹுவில் முதல் பங்கு வீட்டுக்கு மூத்தவருக்கு. தம்பி மனைவி தட்டைக் கொண்டுபோய் வைத்து மண்டியிட்டுக் கும்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாயில் வைக்கலாம். ‘வாசல் மரியாதை எங்க தெரியும்’ என்று சொன்ன மனுஷருக்கு, தன் அப்பா வருகிற நாளில், நல்லதையெல்லாம் எடுத்து மூடி வைத்துவிட்டு, உடைந்ததை அப்பாவுக்கென்று பெட்டியில் போட்டிருக்கிறாள் ஜுனாகி.

பதுமி தட்டின் விளிம்பு நெளிவை விரலால் ஒருமுறை தடவினாள்.

பிறகு கமோசாவைப் பழையபடியே, மடிப்புக்கூட மாறாமல் மூடினாள். தட்டை இம்மியும் நகர்த்தவில்லை. தகரப்பெட்டியிலிருந்ததை எடுத்து வாழையிலையில் போட்டுக்கொண்டு, தன்னுடையதை அதில் அடுக்கினாள். ஜுனாகி அடுக்குகிறபடி, ஒன்றுக்குக் குறுக்கே ஒன்றாக.

வந்த வழியே திரும்பினாள். பத்தைகளை இழுத்துப் பழையபடி நிறுத்தினாள்.

*

பொழுது சாயும் வேளைக்கு நாம்கரில் முரசு ஒலித்தது. பதுமி துளசிக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அப்பால் பேச்சுக் குரல் கேட்டது. ககேன் தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினான். பயந்தால் அவன் அப்படித்தான். மைனா யாருக்கோ தன் பல் விழுந்த இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜுனாகியின் குரலே இல்லை.

பிறகு தட்டு வைக்கும் சத்தம்.

பதுமி விளக்குத் திரியைத் தூண்டினாள். தூண்ட வேண்டிய அவசியமில்லை. திரி நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

“தோலு போட்டிருக்கியா?” என்றது வயதான ஆணின் குரல், கரகரப்பாக.

பெட்டியைத் திறந்தபோதே ஜுனாகிக்குத் தெரிந்திருக்கும். என்ன சொல்லப் போகிறாள்?

“இந்த வீட்டுல இப்படித்தாம்ப்பா சுடுவோம்,” என்றாள் ஜுனாகி. வேலிக்கு இந்தப்புறமும் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

பிறகு, “உங்கம்மா போனப்புறம் இதை நான் தின்னல,” என்றார் ஹரகாந்தர். “இன்னும் ரெண்டு வை.”

யாரோ அழுதார்கள். மகளா அப்பாவா என்று பதுமி காதைத் தீட்டிக் கேட்கவில்லை. கேட்பது முறையல்ல என்று உள்ளே திரும்பினாள்.

வாசற்படியில் லோஹித் நின்றிருந்தார். அவரும் கேட்டிருக்கிறார் என்று முகம் சொன்னது.

“யாரு, வடகரைக்காரரா?”

“ஆமா.”

“‘இந்த வீட்டுல’ங்கிறா.” அந்தச் சொல்லை வாயிலேயே உருட்டினார். “மூங்கில் பொளந்து வச்சுட்டேன். நம்ம கொல்லையில அடுக்கணும். இல்லன்னா...”

“இல்லன்னா?”

“ஒண்ணுமில்ல. பனி எறங்குது. போர்வையை எடு.” முகம் கழுவப் போய்விட்டார்.

விடிந்ததும் ஒரு வெண்கலத் தட்டு இந்த வாசலுக்கு வரும், வேலியைச் சுற்றியா, வேலிச் சந்து வழியாகவா தெரியாது. அவர் கையை நீட்டுவாரா என்றும் பதுமிக்குத் தெரியாது. முன்னதாகச் சொல்லவும் வழியில்லை. சொன்னால், தட்டை எங்கே பார்த்தாய் என்று கேட்பார்.

அடுப்படியில் ஒருவருமில்லை. பதுமி மடியிலிருந்த வாழையிலைப் பொதியை எடுத்துப் பிரித்தாள். ஜுனாகியின் உடைந்த பிட்டாக்கள். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். ருசியில் ஒரு குறையுமில்லை.

விடியலில் நெருப்புக்குக் கொண்டுபோகிற பிட்டாக்களைத் தனியாக ஒரு துணியில் எடுத்து வைத்திருந்தாள். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தவை. அவற்றின் நடுவே இந்தத் துண்டுகளையும் வைத்தாள். எது யாருடையது என்று பிரிக்க முடியாதபடி கையால் கலந்தாள். நான்கு முனைகளையும் சேர்த்து முடிச்சிட்டு, அடுப்புக்கு மேலே, கமலாத்தோல் தொங்கிய ஆணியில் மாட்டினாள்.

பிறகு கை கழுவிக்கொண்டு, கணவருக்குப் போர்வை எடுக்கப் போனாள்.